சீசரப்பா

"எங்க சீசர் மேல ஒரே ஒரு தெள்ளுப்பூச்சி காட்டுங்க சார், மீசையை எடுத்துடறேன்." சவால் விடும்போதே வலது கால் கட்டைவிரல் இடது கெண்டைக்காலைச் சொறிந்துகொண்டிருக்கும். அது தனக்குத் தெரியாது என்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வார்.

நாய் வளர்க்கிற எல்லாரையும் பற்றிப் பொதுவாகத்தான் எழுதுகிறேன். பொதுவாக இவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் நாலடிச் சுவர் ஒன்றுதான்.

பூச்சி இருப்பதை மறுக்க முடியாதபோது, அது யாருடையது என்று வழக்கு திரும்பும். முதலில் தெருநாய் கொண்டுவந்தது. தெருநாய் கேட்டைத் தாண்டாதே என்றால், அணில். அணிலுக்கு அடுத்து, எதிர்வீட்டில் கொட்டியிருக்கும் கட்டட மணல். போன மாதம் கீரி. "பாருங்க, குதிக்குது" என்று நான் விரல் நீட்டிய அன்று, "உண்ணின்னா ஊரும் சார், இது குதிக்குதே, வெட்டுக்கிளிக் குஞ்சு" என்றார். சந்தேகிக்க ஆள் தீர்ந்துபோய் கடைசியில் என்னிடமே வந்துவிட்டார். "உங்களுக்குப் பித்த உடம்பு சார். சூட்டு உடம்புன்னா எதுவும் தேடி வந்து கடிக்கும்."

இதில் வேடிக்கை, சீசர் மேல் பூச்சி இல்லை என்று அவர் சொல்வது ஏறக்குறைய உண்மை. வளர்ந்த பூச்சிதான் நாய்மேல் இருக்கும். அது மொத்தக் குடும்பத்தில் நூற்றுக்கு 5 தேறினால் அதிகம். மீதி 95 முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் மண்ணில் கிடக்கிறது. ஒரு பெண்பூச்சி நாளுக்கு 40 முட்டை வரை இடும். முட்டை ரோமத்தில் ஒட்டாது. சீசர் உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பினால் தோட்டம் முழுக்க விதைப்புதான். புழுவுக்கு வெளிச்சம் ஆகாது, நிழலும் ஈரமும் தேடிச் சருகுக்கடியில் போய்விடும். அவர் வீட்டு மாமரத்தடியில் சருகு போன வருஷத்தது.

ஞாயிறுதோறும் சீசருக்குக் குளியல். ஷாம்பூ, வேப்பிலைத் தண்ணீர், தனித் துண்டு, பவுடர். என் கல்யாணத்துக்கு என்னை அப்படிக் குளிப்பாட்டவில்லை. துவட்டி விட்டதும் சீசர் நேராக மாமரத்தடியில் தான் தோண்டிய குழிக்குப் போய் நாலு புரளு புரளும். "பாவம், வெயிலுக்கு இதமா இருக்கும்" என்பார் இவர்.

பொங்கலுக்கு நாயோடு ஊருக்குப் போனார்கள். பத்து நாள். திரும்பி வந்தவர், "பட்டினியில எல்லாம் செத்திருக்கும் சார்" என்றார் வெற்றியோடு. அந்தக் கூட்டுப்புழு பட்டினிக்கெல்லாம் அசராது. மேலே மண்துகள் பூசிய கூட்டுக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கும், மருந்தும் உள்ளே போகாது. காலடி அதிர்வும் உடம்புச் சூடும் மூச்சும் தெரிந்தால் பூச்சியாய் வெளியே வரும். சாவியைக் கொடுக்க உள்ளே போன எனக்குத்தான் முதல் வரவேற்பு. இடது காலில் மட்டும் பதினேழு.

மறுநாள் முழங்கால்வரை வெள்ளை சாக்ஸ் போட்டு, அவர் கண்ணெதிரே மாமரத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். சாக்ஸில் கறுப்புப் புள்ளிகள். குனிந்து பார்த்தார். "மிளகுத்தூள் எப்படி சார் இங்க?" மிளகுத்தூள் குதித்தது. அவர் வானத்தைப் பார்த்து, மழை வரும்போல என்றார்.

ஆனால் ஒருநாள் ராத்திரி மாடியிலிருந்து பார்த்தேன். வாசற்படியில் அவர். மூக்குக் கண்ணாடி, கையில் பேன் சீப்பு, பக்கத்தில் சோப்புத் தண்ணீர்க் கிண்ணம். மடியில் சீசரின் தலை. ஒவ்வொன்றாக வாரி எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டே, "இன்னும் கொஞ்சம்டா, ராஜா இல்ல" என்று கொஞ்சிக்கொண்டிருந்தார். எனக்கே தொண்டை அடைத்தது. நான் செருமியதும் கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் தள்ளி, "சும்மா தலை வாரிவிடறேன் சார்" என்றார்.

கிண்ணம் நிறைய இருந்தது, ஐயா. நான் பார்த்தேன்.

கொஞ்சல் எல்லாம் சரி, என் மகள் கால் முழுக்கத் தடிப்பு. சருகை வாரிக் கொளுத்துங்கள். குழியை மூடுங்கள், மரத்தடியில் வெயில் படட்டும். டாக்டர் தந்த மாத்திரை "சூடு" என்று பிரிட்ஜ்மேல் வைத்திருக்கிறீர்களே, அதைச் சீசருக்குக் கொடுக்கிற அன்றைக்கே தோட்டத்திலும் மருந்தடியுங்கள். கூட்டிலிருந்து வருபவற்றுக்காக இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை. சருகு வார வருகிற ஆளுக்குக் கூலி நான் தருகிறேன்.

மீசை அப்படியே இருக்கட்டும்.