எண்டோஸ்கோபி என்றால் பயமா?

கேள்வி: வாய் வழியாகக் குழாய் விட்டு எண்டோஸ்கோபி பார்க்க வேண்டுமாம். மூச்சு முட்டுமோ என்று பயமாக இருக்கிறதே?

பதில்: பயம் வேண்டாம். குழாய் போவது உணவுப் பாதையில். மூச்சுக்குழாய் தன் வேலையைத் தொடரும். உள்ளே விடும் குழாய் சுண்டுவிரல் பருமன்தான், தொண்டை மரத்துப்போக மருந்து அடித்த பிறகே உள்ளே விடுவார்கள். பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடங்களில் முடிந்துவிடும். பயாப்சிக்குச் சதைத் துணுக்கு எடுத்தாலும் வலிக்காது. எடுத்தாலே புற்றுநோய் என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். 6 மணி நேரமாவது சாப்பிடாமல் போங்கள். இல்லாவிட்டால் குழாயிலுள்ள கேமராவுக்குப் புண் தெரியாது, காலையில் தின்ற இட்லிதான் தெரியும். சர்க்கரைக்கோ ரத்தம் உறையாமலிருக்கவோ மாத்திரை சாப்பிட்டால் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். மயக்க ஊசி போட்டால் 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது. துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்.