வழி உண்டு, காகிதத்தில்

2018 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒரு சுரங்கப்பாதைக்கு ஒப்புதல் கொடுத்தது. உத்தராகண்டில், யமுனோத்ரிக்குப் போகும் சாலையில், சில்க்யாராவுக்கும் பர்கோட்டுக்கும் நடுவே நிற்கும் மலையைக் குடைந்து நாலரை கிலோமீட்டர். செலவு ஏறத்தாழ 1,384 கோடி ரூபாய். பக்தர்களுக்கு 20 கிலோமீட்டரும் ஒரு மணி நேரமும் மிச்சம். அந்த ஒப்புதலில் இன்னொரு சங்கதியும் இருந்தது. ஆபத்து என்றால் தப்பிப்பதற்கு ஒரு வழி. திட்டத்தின் தலைப்பிலேயே அதைச் சேர்த்திருந்தார்கள்.

2023 நவம்பர் 12, தீபாவளி நாள், விடியற்காலை. வாசலிலிருந்து 200 மீட்டருக்குச் சற்று அப்பால் கூரை சரிந்தது. உள்ளே ஆட்கள். வெளியே வர இருந்த ஒரே பக்கத்தை 60 மீட்டர் அளவுக்கு மண்ணும் பாறையும் கம்பியும் அடைத்துக்கொண்டன. தப்பும் வழி எங்கே என்று நாடே கேட்டது. அது டெல்லியில் பத்திரமாக இருந்தது. கோப்பில்.

சரி, உள்ளே எத்தனை பேர்? 40 என்றார்கள். பட்டியலும் வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட ஒரு வாரம் கழித்து, இல்லை, 41 என்றார்கள். பீகார்க்காரர் ஒருவர் விட்டுப்போயிருந்தார். நம் ஊர்க் கல்யாணச் சமையல்காரர் ஓர் இலை கணக்கில் குறைந்தால் சண்டைக்கு வருவார். இங்கே ஆயிரம் கோடித் திட்டத்தில், மலைக்குள் அனுப்பிய ஆளை எண்ண நாதியில்லை. சுரங்க வேலையின் அரிச்சுவடி இது: உள்ளே போகிறவர் தன் பெயர் வில்லையை வாசல் பலகையில் மாட்ட வேண்டும், வெளியே வந்ததும் கழற்ற வேண்டும். பலகையைப் பார்த்தால் யார் உள்ளே என்று தெரிந்துவிடும். இதற்குக் கணினி வேண்டாம், ஆணி போதும். சிமெண்ட் மூட்டைக்குக் கணக்கு இருந்திருக்கும். டீசலுக்கு இருந்திருக்கும். அவற்றுக்கெல்லாம் பில் உண்டே.

பிறகு தொடங்கியது திருவிழா. 41 பேருக்குக் குழாய் வழியே பொரி போய்க்கொண்டிருந்தது. சூடான கிச்சடி போக ஒன்பது நாள் ஆனது. வெளியே ஹெல்மெட் மாட்டிய நிருபர்கள், ஹெல்மெட் மாட்டிய அமைச்சர்கள். மண் கொட்டாத இடத்தில் எத்தனை ஹெல்மெட்! அமெரிக்க ஆகர் துளையிடும் இயந்திரத்தை விமானப்படை விமானம் சுமந்து வந்தது. இன்று இரவு, நாளை காலை என்று முகூர்த்தம் குறித்தார்கள். இயந்திரம் இரும்புக் கம்பியில் மாட்டி முறிந்தது. முறிந்ததை வெட்டியெடுக்க ஐதராபாத்திலிருந்து பிளாஸ்மா கட்டர் பறந்து வந்தது. மலையைக் குடைகிற இடத்தில் மலை விழுந்தால் என்ன கருவி வேண்டும் என்பது, விழுந்த பிறகுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. சுரங்க வாசலில் ஒரு சிறு கோயில் மட்டும் உடனே எழுந்தது. அதற்கு டெண்டர் தேவைப்படவில்லை.

கடைசிப் பத்துப் பன்னிரண்டு மீட்டரைத் தோண்டியவர்கள் எலிவளைச் சுரங்கக்காரர்கள். பன்னிரண்டு பேர். குழாய்க்குள் படுத்துக்கொண்டு, கைக்கருவியால் கொத்தி, மண்ணைச் சட்டியில் வாரி வெளியே அனுப்பினார்கள். ஒரு நாளுக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். நவம்பர் 28 இரவு 41 பேரும் உயிரோடு வந்தார்கள். இவர்கள் கற்ற தொழில்முறை ஆபத்தானது என்று மேகாலய நிலக்கரிச் சுரங்கங்களில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014-லேயே தடை விதித்திருந்தது. நியாயமான தடை. அதை மீறித் தோண்டிய ஒரு குழியில் 2018 டிசம்பரில் வெள்ளம் புகுந்து குறைந்தது 15 பேர் சிக்கினார்கள். உயிரோடு யாரும் வரவில்லை. சட்டம் தடுத்த கைகளைத்தான் கடைசியில் அரசு கும்பிட்டது.

கும்பிட்ட கையோடு தலைக்கு 50,000 ரூபாய் கொடுத்தது. மூன்று மாதம் போனது. 2024 பிப்ரவரியில் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவரின் வீட்டை, டெல்லி கஜூரி காஸில், ஆக்கிரமிப்பு என்று சொல்லி டெல்லி வளர்ச்சி ஆணையம் இடித்துத் தள்ளியது. இந்த முறை இயந்திரம் பழுதாகவில்லை.

மலையைக் குறை சொல்வதும் ஒரு சௌகரியம். இமயமலை இளமலை, நொறுங்கும் பாறை, என்ன செய்ய? தெரிந்துதானே போனீர்கள்? 100 கிலோமீட்டருக்கு மேல் நெடுஞ்சாலையை அகலப்படுத்தினால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு வேண்டும். இந்தச் சுரங்கத்தையும் உள்ளடக்கிய சார்தாம் சாலைத் திட்டமோ 889 கிலோமீட்டர். அதை 53 துண்டாக வெட்டினார்கள். எந்தத் துண்டும் நூறைத் தொடவில்லை. என்ன துல்லியம்! ஆளை எண்ணத் தெரியாதவர்களுக்குக் கிலோமீட்டரை எண்ண எவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

41 பேரும் உள்ளே இருக்கும்போதே இன்னோர் அறிவிப்பும் வந்தது. நாட்டில் கட்டுமானத்தில் இருக்கும் 29 நெடுஞ்சாலைச் சுரங்கங்களில் பாதுகாப்புத் தணிக்கை. ஏழு நாளில் அறிக்கை. ஏழு நாளில் தெரிந்துகொள்ளக்கூடியதை, இடிகிற வரை ஏன் தெரிந்துகொள்ளவில்லை என்று எந்த மைக்கும் கேட்கவில்லை.

2025 பிப்ரவரி 22. தெலங்கானாவின் ஸ்ரீசைலம் இடதுகரைக் கால்வாய்ச் சுரங்கம் இடிந்தது. 44 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிட்டது. மேலே புலிகள் காப்பகம், நடுவில் எங்கும் வழி கிடையாது. வாசலிலிருந்து 14 கிலோமீட்டர் உள்ளே எட்டுப் பேர். அவர்களில் நாலு பேர் ஜார்க்கண்ட் கூலித் தொழிலாளிகள். சில்க்யாராவில் சிக்கியவர்களிலும் அந்த மாநிலத்தார்தான் அதிகம். தணிக்கை செய்தீர்களே என்று கேட்டுவிடாதீர்கள். அது நெடுஞ்சாலைக்கு. இது பாசனம். வேறு துறை, வேறு கோப்பு.

இங்கேயும் எலிவளைக்காரர்களுக்குத்தான் ஆள் போனது. வந்தார்கள். இரண்டு உடல்கள் கிடைத்தன. ஏப்ரலில் தேடுதல் நின்றது. அதே ஏப்ரலின் 16-ஆம் தேதி சில்க்யாராவில் சுரங்கத்தின் இரு முனையும் சந்தித்தன; முதல்வர் வந்தார், கோயிலில் பிரதிஷ்டை நடந்தது, மாலை மரியாதை குறைவில்லை. தெலங்கானாவில் ஆறு பேரை உள்ளே விட்டுவிட்டு ஆலோசனைக் கூட்டம் போட்டார்கள். மிச்ச தூரத்துக்கு, அதுவரை சுரங்கத்தைக் குடைந்துவந்த பெரிய இயந்திரம் சரிப்படாதாம். வெடி வைத்தே குடைந்துகொள்ளலாம் என்று முடிவானது.