கிருஷ்ணன் வேண்டாம் என்ற பணம்

1961 விம்பிள்டன் அரையிறுதியில் நம் ராமநாதன் கிருஷ்ணனை வென்று, அப்படியே பட்டத்தையும் தட்டிச்சென்ற ராட் லேவருக்குக் கிடைத்தது 10 பவுண்டுக்கான கடைச் சீட்டு. சாம்பியனுக்கே அவ்வளவுதான். 2025இல் அதே அரையிறுதியில் தோற்றவர்களுக்கு ஆளுக்கு 7,75,000 பவுண்டு. முதல் சுற்றில் மூட்டை கட்டியவர்களுக்கே 66,000. இதைச் சொன்னபோது என் பேரன், "அப்போ கிருஷ்ணன் சாப்பாட்டுக்கு என்ன பண்ணினார் தாத்தா?" என்றான்.

அவனுக்கு அந்தக் காலத்து விதியைச் சொல்ல வேண்டியிருந்தது. விம்பிள்டனும் டேவிஸ் கோப்பையும் அமெச்சூர் ஆட்டக்காரர்களுக்கு மட்டும். காசு வாங்கி ஆடினால் இரண்டு கதவும் சாத்தப்படும். 1959 டேவிஸ் கோப்பையில் லேவரையே கிருஷ்ணன் வீழ்த்தியதும், தொழில்முறைக் குழு நடத்திய ஜாக் கிரேமர் அவரை அழைத்தார். மூன்று வருடத்துக்கு 1,50,000 டாலர் உத்தரவாதம். நாகர்கோவிலில் பிறந்து, அப்பா டி.கே. ராமநாதனிடம் ஆட்டம் பழகி, 1954இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தை வென்ற முதல் ஆசியரான அந்த 22 வயதுப் பையன் மாட்டேன் என்றுவிட்டார்.

அடுத்த இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதி. 1960இல் நீல் ஃப்ரேசரிடம், 1961இல் லேவரிடம் தோல்வி. இருவருமே அந்தந்த வருடத்துச் சாம்பியன்கள். 1962இல் நான்காம் தரவரிசை கிடைத்தும் கணுக்கால் காயத்தால் பாதியில் விலகினார். லேவர் அதே வருடக் கடைசியில் தொழில்முறைக்குப் போய்விட்டார். ஐந்து வருடம் விம்பிள்டனில் அவருக்கு இடமில்லை. 1968இல் விம்பிள்டனில் அந்த விதியே போனது, லேவர் திரும்பி வந்து பட்டத்தோடு 2,000 பவுண்டும் வாங்கினார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 31. அந்த விதியை மதித்தவருக்கு அது போனதால் ஒரு பயனும் இல்லாமல் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் மனது ஆறுவதில்லை.

அவர் ஆட்டத்தில் முரட்டுத்தனமே கிடையாது. சர்வீஸ் சாதாரணம்தான். ஆனால் பந்து தரையில் பட்டு எழும்பும் நொடியிலேயே மட்டையை மெல்லக் கொடுத்து, எதிராளி இல்லாத மூலைக்கு அனுப்பிவிடுவார். மகன் ரமேஷ் ஆடியதும் இதே ஆட்டம். 1979இல் அவரும் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார்.

1966இல் கல்கத்தா சவுத் கிளப்பில் பிரேசிலோடு டேவிஸ் கோப்பை ஆட்டம். 2-2 என்று சமநிலை. கடைசி ஆட்டத்தில் தாமஸ் காக் 2-1 செட் முன்னிலை, நான்காவது செட்டிலும் 5-2. எங்கள் வீட்டில் மாமா ரேடியோவை அணைக்க எழுந்துவிட்டார். டென்னிஸ் என்றால் என்னவென்றே தெரியாத பாட்டி, "இன்னும் முடியலைன்னுதானேடா சொல்றான், ஏன் அணைக்கிறே?" என்று அதட்டினாள். கிருஷ்ணன் அந்த செட்டை 7-5 என்று எடுத்தார், ஐந்தாவதை 6-2 என்று முடித்தார். இந்தியா முதல்முறையாக இறுதிப் போட்டிக்குப் போனது.

பத்மஸ்ரீ, பத்மபூஷண் எல்லாம் வந்தன. பிற்பாடு சென்னையில் கேஸ் ஏஜென்சி நடத்தினார். சிலிண்டருக்குப் பதிந்துவிட்டுப் போனவர்களில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரிந்திருக்கும்?

"அந்தப் பணத்தை வாங்கியிருக்கலாமே" என்கிறான் பேரன். கணக்குப் பார்த்தால் அவன் சொல்வது சரி. ஆனால் 1959இல் கையெழுத்துப் போட்டிருந்தால் இரண்டு அரையிறுதிகளும் இல்லை, கல்கத்தாவும் இல்லை. 1966 மெல்போர்ன் இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவிடம் 4-1 என்று தோற்றோம். நமக்குக் கிடைத்த அந்த ஒன்று, முந்தைய வருடம் விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்றிருந்த நியூகோம்ப், ரோச் ஜோடியை கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் அவர்கள் ஊரிலேயே தோற்கடித்தது.