மரம் கவிழ்க்கும் படலம்

மேக் கணினியில் நிரல் எழுதுவோர் பலர் அன்றாடம் பயன்படுத்தும் ஹோம்ப்ரூ என்ற மென்பொருளை எழுதியவர் மேக்ஸ் ஹோவெல். வெள்ளைப் பலகையில் பைனரி மரத்தைக் கவிழ்த்துக் காட்டத் தெரியாததால் கூகுள் தனக்கு வேலை தரவில்லை என்று 2015இல் ட்விட்டரில் பொருமினார். அதைப் பார்த்து நம் பிள்ளைகள் உஷாராகிவிட்டார்கள். நேர்காணலுக்காக லீட்கோட் தளத்தின் நிரல் கணக்குகளை நெட்டுருப் போடுகிறார்கள். நடிப்புப் பயிற்சியும் உண்டு: நேர்காணலில் ‘டூ சம்’ என்ற கணக்கைக் கேட்டால் எடுத்த எடுப்பில் ஹேஷ் மேப் என்று சொல்லிவிடக் கூடாது, குட்டு உடைந்துவிடும். முதலில் இரண்டு லூப் போட்டு, தலையைச் சொறிந்து, பிறகுதான் ஞானம் பிறக்க வேண்டும். கேட்பவரும் அப்படித் தலையைச் சொறிந்து உள்ளே வந்தவர்தான், ரசிப்பார். வேலைக்குச் சேர்ந்ததும் பட்டனின் நிறத்தை மாற்றச் சொல்வார்கள். படித்ததை மட்டும் மறந்துவிடாதீர்கள். அடுத்த கம்பெனிக்குத் தாவும்போது தேவைப்படும்.