இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, அண்ணாச்சி!

போட்டி அறிவிப்புகள் வரிசையாக வந்திருக்கும் காலம் இது. தபாலைப் பிரித்தால் முக்கால்வாசிக் கேள்வியும் எழுத்துப் பிழையைப் பற்றித்தான். அதனால் இந்த முறை அரசியல், சினிமா, ஜாதகப் பொருத்தம் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி (வள்ளியூர் வாசகர்): சிறுகதைப் போட்டிக்கு இன்று நள்ளிரவோடு கடைசி. மணி பதினொன்று. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரு பிழை சிரிக்கிறது. எங்கே கை வைக்க, அண்ணாச்சி?

பதில்: எங்கே கை வைக்கக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாக்கியத்தை அழகாக்கும் வேலையை இப்போது தொடாதீர்கள். கடைசி மணி நேரத்துப் பிழைகளில் பெரும்பங்கு அந்த மணி நேரத்தில் செய்த திருத்தங்களால் பிறந்தவை. தமிழில் எழுவாய் வாசலில் நிற்கும்; வினைமுற்று கொல்லைப்புறத்தில் இருக்கும். 'பெரியவர் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு, வெயிலுக்குத் துண்டை விரித்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தார்' என்று எழுதியிருப்பீர்கள். பதினொன்றேகாலுக்கு, பெரியவரைவிடப் பாட்டிதான் பொருத்தம் என்று திடீரெனத் தோன்றும். வாசலில் ஆளை மாற்றிவிட்டுக் கொல்லைப்புறத்தை மறந்துவிடுவீர்கள். பாட்டி 'நடந்தார்' என்பதையாவது மரியாதை என்று விட்டுவிடலாம். மூன்று பத்தி தள்ளி அதே பாட்டி மீசையைத் தடவிக்கொண்டு நிற்பாளே, அதற்கு என்ன சமாதானம்?

ஆகவே இந்த ஒரு மணி நேரத்தில் தலைப்பைப் பாருங்கள். ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் கடைசி வரை ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் எழுத்து எழுத்தாக வாசியுங்கள். நேரம் மிச்சமிருந்தால் பொருளையே புரட்டிவிடும் பிழைகளைத் தேடுங்கள். மற்றதெல்லாம் இன்று இரவுக்குத் தேவையில்லை. பதினொன்றே முக்காலுக்கு அனுப்பிவிடுங்கள். இணைத்தது சரியான கோப்புதானா என்று திறந்து பார்க்க ஐந்து நிமிடமாவது வேண்டும். 'கதை-இறுதி', 'கதை-இறுதி-புதுசு', 'கதை-இதுதான்-இறுதி' என்று மூன்று கோப்பு வைத்திருப்பவருக்குப் பத்து நிமிடம் வேண்டும்.

கேள்வி (பணகுடி வாசகி): ஓர் எழுத்து விட்டுப்போனால் குடியா முழுகிவிடும்?

பதில்: முழுகியிருக்கிறது அம்மா. 1631இல் லண்டனில் ராபர்ட் பார்க்கர், மார்ட்டின் லூக்காஸ் என்ற இரண்டு அச்சுக்காரர்கள் வேதாகமத்தை அச்சிட்டார்கள். பத்துக் கட்டளைகளில் விபச்சாரத்தை விலக்கும் கட்டளையில், விலக்குகிற அந்தச் சின்னச் சொல் மட்டும் விட்டுப்போயிற்று. விலக்க வேண்டியதையே கட்டளையாக்கி அச்சடித்துவிட்டார்கள். அவர்களுக்கு முந்நூறு பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது, அச்சிடும் உரிமமும் பறிபோயிற்று.

அங்கே ஒரு முழுச்சொல் விழ வேண்டியிருந்தது. நமக்கு ஒரு துணைக்கால் போதும். 'எங்க ஊர்த் தலையாரி திருடான்' என்று கிழவர் சத்தியம் செய்கிறார் என்று வையுங்கள். அந்தக் கால் தட்டச்சில் விழுந்தால் 'தலையாரி திருடன்'. நல்ல மனுஷன் ஒருவன் அடுத்த வரிக்குள் களவாணி ஆகிவிட்டான். கணினி இதற்குச் சிவப்புக் கோடு போடாது, ஏனென்றால் இரண்டும் சரியான சொற்கள். எதிர்மறை வரும் இடங்களை மட்டும் தனியாக ஒருமுறை பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி (களக்காடு கல்லூரி மாணவர்): கதாநாயகன் பெயர் மணி. அதே பெயரில் நடுவர் குழுவில் ஒருவர் இருக்கிறார் என்று இப்போதுதான் தெரிந்தது. 'எல்லாவற்றையும் மாற்று' என்ற பொத்தானை அழுத்தி வேலு என்று ஆக்கிவிடவா?

பதில்: அழுத்தாதே தம்பி! அழுத்தினால் உன் கதாநாயகன் காலையில் ஆறு வேலுக்கு எழுந்து, வேலுமுத்தாறு அணைக்குக் குளிக்கப் போவான். காதலியைக் 'கண்வேலு' என்று கொஞ்சுவான். அவள் கழுத்தில் பாசிவேலு மாலை கிடக்கும். பெயரை மாற்றுவதானால் ஒவ்வொன்றாகத் தேடி, கண்ணால் பார்த்து மாற்ற வேண்டும். அப்படியும் ஒன்றிரண்டு தப்பும். 'மணியை', 'மணிக்கு', 'மணியோட' என்று வேற்றுமை உருபு ஒட்டியவை தேடலில் கிடைத்துவிடும். 'ம' என்பதோடு ஒரு வரியும் 'ணி' என்பதோடு அடுத்த வரியுமாக நீ கையால் உடைத்து வைத்தது கிடைக்காது. நடுவருக்கும் தன் பெயர் ஊரில் நூறு பேருக்கு இருப்பது தெரியும். மணி மணியாகவே இருக்கட்டும்.

கேள்வி (நாங்குநேரி, ஓய்வுபெற்ற ஆசிரியர்): வல்லினம் மிகும் இடம், மிகா இடம் தெரியாதவர்கள் எல்லாம் கதை எழுதுகிறார்களே?

பதில்: எழுதட்டும் சார். கதை இருந்தால் ஒற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒற்று மட்டும் இருந்தால் கதையைச் சேர்க்க முடியாது. ஆனால் எல்லா ஒற்றும் சமமில்லை என்பதை எழுதுகிறவர்களுக்கு நீங்களே சொல்லிக்கொடுக்கலாம். அம்மை முருகனுக்கு 'வேலைக் கொடுத்தாள்' என்றால் புராணம். 'வேலை கொடுத்தாள்' என்றால் நம் வள்ளியூர்க் குகைக்கோயில் முருகன் சம்பளத்துக்குப் போய்விட்டான் என்று பொருள். இப்படி அர்த்தம் மாறும் ஒற்றுக்களைத் தேடித் திருத்துங்கள். மற்றவற்றை மெய்ப்புத் திருத்துபவர் பார்த்துக்கொள்வார்.

கேள்வி (திசையன்விளை வாசகி): என் கதை முழுக்க நம்ம பக்கத்துப் பேச்சு. கணினியில் பக்கம் பூராவும் சிவப்புக் கோடு. பயந்துபோய்ப் பாதியைத் திருத்திவிட்டேன். தப்பா?

பதில்: மீதிப் பாதியைத் திருத்துவதற்குள் கேட்டீர்களே, நல்லவேளை. திருத்தியதைத் திரும்பப் பழையபடி ஆக்குங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். 'என்ன வே சொல்லுதீரு' என்று கேட்கிற ஆளை 'என்ன ஐயா சொல்கிறீர்' என்று கேட்கவைத்தால், எழுத்துப் பிழை போய் ஆளே பிழையாகிவிடுகிறார்.

கரிசல் காட்டு இடைசெவலிலிருந்து கி. ராஜநாராயணன் எழுதினார். ஊர் பேசுகிற மாதிரியே எழுதினார். அந்தச் சொற்கள் அகராதியில் இல்லையே என்று அவர் தயங்கவில்லை; சொற்களைத் திரட்டி, 1982இல் வட்டார வழக்குக்கு அகராதியே கொண்டுவந்துவிட்டார். அவருக்கு முன்னால் புதுமைப்பித்தன் திருநெல்வேலிப் பேச்சைக் கதைக்குள் நடமாட விட்டிருந்தார். கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனவர்கள் அவர்கள். ஒரு சிவப்புக் கோட்டுக்குப் பயந்து அதை நாம் சாத்தக் கூடாது.

ஆனால் வட்டார வழக்கிலும் பிழை உண்டு. பிழை சொல்லில் இல்லை, சீரில் இருக்கிறது. ஒருத்தி முதல் பக்கத்தில் 'சொல்லுதேன்' என்று சொல்லிவிட்டு இரண்டாம் பக்கத்தில் 'சொல்றேன்' என்றால் அவள் நடுவில் சென்னைக்குப் போய் வந்திருக்க வேண்டும். பெரியவர்களைக் குறித்து 'வந்தாவ' என்றால் கடைசி வரை 'வந்தாவ', 'இருந்தாவ'. உரையாடலில் ஒரு வழக்கு, கதை சொல்லும் குரலில் இன்னொரு வழக்கு என்றால், எந்த வரி யாருடையது என்ற எல்லை கலங்காமல் இருக்க வேண்டும். 'வாரான்' என்ற சொல்லை மட்டும் கவனமாகப் பாருங்கள். நம் பேச்சில் அவன் வந்துகொண்டிருக்கிறான். செந்தமிழில் அவன் வரவே மாட்டான். அதைக் கதைசொல்லியின் வாயில் வைத்தீர்களானால் மதுரைக்கு வடக்கே இருக்கிற வாசகர் அவனை எதிர்பார்க்காமல் தூங்கப் போய்விடுவார்.

அனுப்பும்போது மேலே ஒரு வரி எழுதுங்கள்: 'உரையாடல்கள் திருநெல்வேலி வட்டார வழக்கில் உள்ளன, அப்படியே வெளியிட வேண்டுகிறேன்.'

கேள்வி (வள்ளியூர் பள்ளி மாணவி): கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் எப்படிப் பிழை திருத்தினார்கள்?

பதில்: நல்ல கேள்வி தாயி. இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பேச அனுமதி கொடு.

ஓலையில் எழுதிய காலத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது அரிது. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும். குறில் கொம்புக்கும் நெடில் கொம்புக்கும் வேறுபாடு கிடையாது. துணைக்காலும் ரகரமும் ஒரே உருவம். ஏட்டில் 'பொன' என்று இருந்தால் அது 'பொன்' என்பதா, 'போன' என்பதா என்று முன்பின் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவர் ஏட்டைப் பார்த்து இன்னொருவர் படியெடுப்பார். முதல்வரின் பிழையோடு தன் பங்கையும் சேர்ப்பார். இப்படியே நூறு நூறு வருடம்.

இந்தக் காட்டுக்குள் நுழைந்தவர் உ.வே. சாமிநாதையர். பத்துப்பாட்டை அச்சிடுவதற்காக நல்ல சுவடி தேடி நம் தாமிரபரணிக் கரைக்கு வந்தார். திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று கவிராயர்கள் வீட்டுப் பரண்களைத் தேடி அலைந்தார். ஒரு சுவடியில் கெட்டுப்போன வரி இன்னொன்றில் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கைதான். பத்துப்பாட்டு 1889இல் வெளிவந்தது. ஒரு சொல்லின் சரியான வடிவத்துக்காக ஊர் ஊராகப் போன மனிதர் அவர். நாம் முன் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கச் சோம்பல்படலாமா?

அச்சு வந்த பிறகு வேறு மாதிரித் தொல்லை. ஈய எழுத்துக்களை இடவலம் மாறிய நிலையில் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்தார்கள். புரூப் எடுத்துத் திருத்துவார்கள். ஒரு வரியில் ஒரு சொல்லைச் சேர்த்தால் அடுத்தடுத்த வரிகளெல்லாம் இடம்பெயரும். அந்த இடப்பெயர்ச்சியில் புதுப் பிழை வரும். அப்படியும் தப்பியதற்குப் புத்தகத்தின் கடைசியில் 'பிழையும் திருத்தமும்' என்று பட்டியல் போட்டார்கள். அந்தப் பக்கத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. தவறை வாசகரிடம் நேராகச் சொல்லி, பக்கம், வரி குறித்து, பேனாவை அவர் கையிலேயே கொடுத்துவிடும் பக்கம் அது.

நம் சீமைக்கு இந்த வேலையில் நல்ல பங்கு இருக்கிறது. சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1920இல் தொடங்கியது திருநெல்வேலியில்தான். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை 1926 முதல் பதிப்பாசிரியராக இருந்து முடித்துக் கொடுத்த எஸ். வையாபுரிப் பிள்ளை நம் ஜில்லாக்காரர். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் தாயி, ஒவ்வொன்றுக்கும் எழுத்துச் சரிபார்க்க வேண்டும்!

கேள்வி (ராதாபுரம் வாசகர்): கையெழுத்துப் பிரதியை டி.டி.பி. சென்டரில் கொடுத்தேன். 'கௌரி' என்ற பெயர் சில இடத்தில் சரியாகவும் சில இடத்தில் பிளந்தும் தெரிகிறது. ஏன்?

பதில்: ஔகார நெடிலுக்குரிய குறியைப் போடாமல், கொம்பையும் தனி ளகரத்தையும் அடித்திருப்பார்கள். திரையில் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். கணினிக்கு அவள் 'கெளரி' என்ற வேறு பெண். தேடினால் ஒருத்திதான் கிடைப்பாள். இரண்டு வடிவத்தையும் தனித்தனியே தேடச் சொல்லுங்கள். யூனிகோடில்தான் அடித்திருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். பழைய எழுத்துருவில் அடித்தது பத்திரிகை அலுவலகத்தில் வெறும் குப்பையாகத் திறக்கும். அடுத்த முறை பெயர்களை மட்டும் தனித்தாளில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். அந்தப் பிள்ளைகள் கல்யாணப் பத்திரிகை, நோட்டீசு, கதை எல்லாவற்றையும் ஒரே நாளில் அடிக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, டீ வாங்கிக் கொடுத்து, சேர்ந்து சரிபார்ப்பதுதான் முறை.

கேள்வி (ஏர்வாடி வாசகர்): பிழை பார்க்கச் சொல்லி நண்பரிடம் கொடுத்தேன். வரிகளையே மாற்றிவிட்டார். செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தேன். அதுவும் அதைத்தான் செய்தது!

பதில்: ரசிகமணி டி.கே.சி.யே அதைச் செய்திருக்கிறார். கம்பனில் தன் ரசனைக்கு ஒவ்வாத பாட்டுகளைக் கம்பன் பாட்டில்லை என்று ஒதுக்கினார், சில இடங்களில் சொல்லையும் மாற்றினார். கவிதையை அவரைப் போல் ரசித்தவர் குறைவு. அவரைக் கும்பிடுவேன், ஆனால் என் கையெழுத்துப் பிரதியைப் பிழை பார்க்கக் கொடுக்க மாட்டேன். நண்பரிடம் பென்சில் கொடுங்கள், பேனா வேண்டாம். அடிக்கோடு மட்டும் போடட்டும். இயந்திரத்திடமும் 'மாற்றாதே, சந்தேகப்படும் சொற்களைப் பட்டியலிடு' என்றே கேளுங்கள். முடிவு உங்களுடையது. போட்டி விதியில் இயந்திர உதவிக்கு இடமுண்டா என்பதையும் முதலில் வாசித்துவிடுங்கள்.

கேள்வி (அதே ஏர்வாடி வாசகர்): அப்படியானால் யாரைத்தான் நம்புவது?

பதில்: காதை. சத்தமாக வாசியுங்கள். கண், இல்லாத சொல்லையும் இருப்பதாக எண்ணித் தாண்டிவிடும். நாக்கு அங்கே தட்டி நிற்கும்.

கேள்வி (மாவடி வாசகி): கதையை அனுப்பிவிட்டேன். காலையில் பார்த்தால் இரண்டாம் பக்கத்தில் ஒரு பிழை! திருத்திய பிரதியை மறுபடி அனுப்பலாமா?

பதில்: கெடு முடியவில்லை, விதி அனுமதிக்கிறது, பிழை பொருளை மாற்றுகிறது: இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் ஒரே ஒருமுறை அனுப்பலாம். சும்மா ஒரு ரகர றகரப் பிழை என்றால் விட்டுவிடுங்கள். அதற்காக நல்ல கதையைத் தள்ளும் நடுவர் இருந்தால் அவரிடம் பரிசு வாங்காமல் இருப்பதே மேல்.

அச்சேறியதோடு கதை முடிந்துவிடுவதில்லை. நம் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் தன் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டார். பத்தொன்பது வருடம் கழித்து 1875இல் திருத்தி விரித்து மறுபடி போட்டார். புதுமைப்பித்தனுக்கு அந்த வாய்ப்பு நீளவில்லை, 1948இலேயே போய்விட்டார். அவருக்குப் பின் வந்த பதிப்புகளில் பிழைகள் ஏறின. ஆ. இரா. வேங்கடாசலபதி பழைய இதழ்களைத் தேடி எடுத்து, பாட வேறுபாடுகளை ஒப்பிட்டு, 2000இல் காலச்சுவடு வழியாகச் செம்பதிப்பைக் கொண்டுவர வேண்டியிருந்தது.

உங்கள் கதைக்கு அந்தச் சிரமம் யாருக்கும் வர வேண்டாம். அச்சில் வந்ததும் இதழில் ஒரு பிரதியைத் தனியே எடுத்து, எல்லாத் திருத்தத்தையும் ஓரத்தில் குறித்து, தேதி போட்டு வையுங்கள். நாளை தொகுப்பு வரும்போது பதிப்பகத்துக்குக் கொடுக்க வேண்டியது அந்தப் பிரதியைத்தான்.