பெட்டி போயிற்று, டவர் இருக்கிறது

2012 அக்டோபரில், ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 13 தொலைபேசி நிறுவனங்கள் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன: நெட்வொர்க்கின் ஒவ்வொரு வேலைக்கும் தனிப்பெட்டி வேண்டாம், சாதாரண சர்வரில் மென்பொருளாக ஓட்டலாம். அல்வாவுக்கு ஓர் அடுப்பு, மிக்சருக்கு ஓர் அடுப்பு என்றில்லாமல், ஒரே அடுப்பில் சட்டியை மாற்றும் நெல்லை யோசனைதான். செலவு குறையும், புதுச் சேவை சீக்கிரம் வரும். சேவைகளும் பெருகின: 2016இல் ஜியோ வந்தபோது சிம்மோடு சினிமாவும் பாட்டும் வந்தன. போன் கம்பெனிகள் எல்லாம் 'டிஜிட்டல் சேவை நிறுவனம்' ஆகிவிட்டன.

மகிழ்ச்சி. ஆனால் டவர், பேட்டரி, டீசல் மூன்றையும் இன்னும் யாரும் மென்பொருளாக்கவில்லை. 2018இல் ஏர்செல் படுத்தபோது தமிழ்நாடே சிக்னல் தேடி அலைந்ததை மறக்க முடியுமா? கம்பெனி அண்ணாச்சிகளே, சினிமா அப்புறம் காட்டலாம். முதலில் பாபநாசம் மலைக்கு மேலேயும் 'ஹலோ' கேட்க வையுங்கள்.