சுண்ணாம்பும் நடைப்பயணமும்

ஜெர்மனியின் ஔஃப்செஸ் ஊரைச் சுற்றி நான்கு பீர் ஆலைகளை இணைக்கும் நடைபாதை உண்டு. தாம்பரத்திலும் பாதைக்குக் குறைவில்லை: ஜி.எஸ்.டி. சாலையோரமாகப் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி. ஆலைதான் இல்லை. இந்த மண்ணின் ஆலை பனைமரம். அதன் கள்ளுக்கு 1987 முதல் தடை. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், சட்டத்துக்கு உகந்தது. தடவாவிட்டால் அதே சாறு சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும், இறக்கியவர் குற்றவாளியாகிவிடுவார். மாநிலத்தின் மதுக்கொள்கை ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பில் நிற்கிறது. பிராந்திக்கு இந்தச் சிக்கல் இல்லை. 2003 முதல் அதை டாஸ்மாக் வழியாக அரசே சில்லறையில் விற்கிறது. மரபுதான் வேண்டும் என்பவர் கள்ளுக்கடைகளை ஏலம் விடும் புதுச்சேரிவரை நடக்கலாம்: நூறு கிலோமீட்டருக்கு மேல். குடிக்கத் தண்ணீர் அவசியம்.